படகுக்கு வேர்த்த வாடைக்காலம்

தார்பாய் விற்பவர்கள் வாயைத் திறக்கத் தேவையே இல்லை. வானம் கறுத்தால் போதும், வாங்க வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய பயத்தைத் தாங்களே கொண்டுவந்துவிடுவார்கள். இது தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். தனக்கே சரியாகத் தெரியாத ஒன்றைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இன்னொருவருக்கு உறுதியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் அந்த ஆள் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் புகுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களோடு நானும் அந்தச் சந்தில்தான் நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர். படகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். புதுக்கோட்டையில் பிஎஸ்சி பிசிக்ஸ் முடித்தேன். மூன்று வருடத்தில் வகுப்பில் நான் வாய் திறந்தது அட்டெண்டன்ஸுக்கு மட்டும்தான். கோட்டைப்பட்டினத்தில் இருக்கும் என் பெரியம்மா, "நாலு பேருகிட்டப் பேசுனாத்தான் கூச்சம் போகும்" என்று சொல்லி, கடற்கரைச் சாலையில் இருக்கும் காதர் பாய் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார். தார்பாய், கயிறு, மிதவை, வலை நூல் எல்லாம் விற்கிற கடை. முதலாளி காதர் பாய், உள்ளறையில் தையல் மிஷினில் முருகேசண்ணன், கவுண்டரில் நான். ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும். சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்களில் பலர் அப்போது படகைக் கரைமேல் இழுத்து வைத்து மூடிவிடுவார்கள். மழை, பனி, ஈரம் எதுவும் அண்டக் கூடாது. அந்த மூடுகிற பாய்க்காகத்தான் எங்கள் கடைக்கு வருவார்கள்.

அஞ்சு பாகம்

முதல் வாரத்தில் ஒருவர் வந்து, "அஞ்சு பாகப் படகுக்கு ஒரு பாய் வேணும்" என்றார். பாகம் என்றால் எனக்குத் தெரிந்தது முதல் பாகம், இரண்டாம் பாகம் மட்டும்தான். படகைக் கழற்றி ஐந்து துண்டாக வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சீட்டில் 'ஐந்து துண்டு, தனித்தனி உறை' என்று எழுதி உள்ளே கொடுத்தேன். மிஷின் சத்தம் நின்றது. முருகேசண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடையில் பரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுதாக விரித்தால், ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம் என்று முருகேசண்ணன் விளக்கினார். "நீயே விரிச்சுப் பாரு பாப்பா, மனசுல நிக்கும்" என்றார். கடையில் நான்கு பேர் நின்றார்கள். நான் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் இரண்டு பக்கமும் லேசாக அசைத்தேன். பாய் கேட்டவர் அதைப் பார்த்துவிட்டு முருகேசண்ணனிடம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களே அளங்க. இந்தப் பிள்ள பாகத்துக்கு அளந்தா எம் படகுல பாதி வெளியில நிக்கும்."

இரவல் வாக்கியம்

அறந்தாங்கிப் பக்கமிருந்து மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். பச்சைத் தீவனத்தைக் குழியில் போட்டு மூடிப் பக்குவப்படுத்த கனமான கறுப்பு ஷீட் கேட்டார். காதர் பாய் ஷீட்டை விரித்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இதைப் போட்டு ஓரத்துல மண்ணள்ளிப் போட்டீங்கன்னா காத்துகூட உள்ள போகாதுங்க" என்றார். வந்தவர் உடனே பணத்தை எடுத்து வைத்தார். தீவனக் குழிக்கு அதுதான் வேண்டும். காற்று புகுந்தால் தீவனம் கெட்டுவிடும். நான் தீவனத்தை விட்டுவிட்டேன், வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் படகுக்குப் பாய் பார்க்க வந்த ஒருவர் நீலமா பச்சையா என்று தயங்கிக்கொண்டு நின்றார். நான் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "காத்துகூட உள்ள போகாதுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பேசி ஒரு மனிதர் ஒரு காரியம் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று பெரியம்மா வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அதையே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதே தட்டு, அதே வாக்கியம். ஒரு வாரம் கழித்துக் காதர் பாய் உள்ளறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"முருகேசு, பேச மாட்டா பேச மாட்டான்னு சொல்லித்தானே இதைச் சேத்துவிட்டாங்க? இப்ப என்னையப் பேச விட மாட்டேங்குதே!"

படித்த பிள்ளை

கலா அக்கா வந்தது ஐப்பசி நடுவில். மணமேல்குடிக்குத் தெற்கே கரையோரக் குடியிருப்பு. கணவர் சேகர், ஐஸ் பெட்டி இறக்கும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு, இரும்புக் கம்பி வைத்துக் கட்டிலில் கிடந்தார். தை பிறக்கும்போது காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுவரைக்கும் படகைப் பத்திரமா வச்சு, எறங்குற அன்னைக்கே அவருகிட்டக் குடுக்கணும்மா. படுத்திருக்க மனுசனுக்கு அது ஒண்ணுதான் நெனப்பு" என்றார். வீட்டில் சம்பாதிக்கிற வேறு ஆளில்லை. அந்தப் படகையும் அதற்குள் இருக்கிற வலையையும் எஞ்சினையும் நம்பித்தான் அந்த வீடு தை மாதத்துக்குக் காத்திருந்தது.

கலா அக்கா என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர் போலத் தெரிந்தார். பாயைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக மூன்று சந்தேகம் கேட்டார். வலை இன்னும் சரியாகக் காயவில்லை, காய்ந்த பிறகு மூடட்டுமா? எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா? கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டட்டுமா? மூன்றும் சரியான கேள்வி. மூன்றுக்கும் நான் தவறான பதில் சொன்னேன். மழை எந்த நேரமும் வரலாம், இன்றைக்கே மூடிவிடுங்கள் என்றேன். எஞ்சினை யார் தூக்கிக்கொண்டு அலைவது, அதுவும் உள்ளேயே பத்திரமாக இருக்கும் என்றேன். ஓரத்தைப் படகுக்கு அடியில் மடித்து, மணலைப் போட்டு, இறுக்கிக் கட்டுங்கள், காற்றுகூட உள்ளே போகாது என்றேன். அவர் முகத்தில் தயக்கம் போகவில்லை. அப்போதுதான் நான், இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிற அந்த வார்த்தையைச் சொன்னேன்: "நான் பிசிக்ஸ் படிச்சிருக்கேங்க்கா."

அவர் ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார். நான் கயிறு வெட்டுகிற சாக்கில் காதைக் கொடுத்தேன்.

"இல்லங்க, நீங்க சொல்ற மாதிரி இல்லையாம். இங்க ஒரு படிச்ச பிள்ள இருக்கு, அது இறுக்கிக் கட்டச் சொல்லுது."

டீக்கடை

கார்த்திகை பிறந்ததும் வாடை நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் ஒரு பெரியவர் வந்து, போன வாரம் வாங்கிய பாய் போலவே இன்னொன்று கேட்டார். பழையது என்ன ஆயிற்று என்றேன். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஓரத்தைத் தூக்கித் தளர்வாகக் கட்டியிருக்கிறார். காற்று அதை அப்படியே கழற்றிக்கொண்டு போய்விட்டது. தேடிப் போனால், ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சாலையோர டீக்கடைக்கு அது கூரையாகிவிட்டிருந்தது. கடைக்காரர் திருப்பித் தரத் தயார்தான். ஆனால் உள்ளே ஏழெட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி நிற்பதைப் பார்த்ததும் பெரியவருக்குக் கேட்க மனம் வரவில்லை.

நியாயமாக நான் இதில் பெரியவரின் நல்ல மனதைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது என் கட்சிக்கு ஒரு சாட்சியை. தளர்த்திக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பெரியவர் புதுப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது சொன்னது இது.

"ஒங்க கடைப் பாயிதான்மா அங்க நின்னு டீ குடிக்குது. போய் வெசாரிச்சுட்டு வா."

ஒரு சொட்டு ஒழுகவில்லை

மார்கழி பிறந்து சில நாளில், என்னிடம் பாய் வாங்கிப்போன ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஒருவர் அதை உருட்டி ஆட்டோவில் கொண்டுவந்து கடை வாசலில் போட்டார். மழை விட்டு ஒரு வாரமாகிறது. ஆனால் பாயைத் திறந்தால் படகுக்குள் குளித்துவிட்டு எழுந்தது போல எல்லாம் நனைந்து கிடக்கிறது. வலையில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. எஞ்சின் வயரெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. "தையல் வழியாத் தண்ணி எறங்கிருச்சு. என்ன பாய், இப்படித்தான் தச்சுக் குடுப்பீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

காதர் பாய் முருகேசண்ணனைக் கூப்பிட்டார். அவரைக் காதர் பாய் அதட்டி நான் பார்த்ததில்லை, அன்று அதட்டினார். முருகேசண்ணன் பாயை விரித்து, தையலின் மேல் வாளியால் தண்ணீர் ஊற்றி, அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுபடி ஊற்றினார். இல்லை. நான் பாயின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தையல் வழியாக ஒழுகியிருந்தால் தையலை ஒட்டிக் கோடாக அழுக்கு இறங்கியிருக்கும். இங்கே பாய் முழுக்க, ஒரே அளவில், புள்ளி புள்ளியாக நீர்த்துளி உலர்ந்த தடம். எனக்கு அது தெரியும். மூன்றாவது செமஸ்டரில், வெள்ளிக் குழாயைக் குளிரவைத்து, அதன்மேல் எந்த வெப்பநிலையில் பனி பூக்கிறது என்று லேபில் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். நனைந்த வலையோடும் அடியில் தேங்கிய தண்ணீரோடும் படகை மூடி, காற்றுப் போக வழியில்லாமல் இறுக்கிக் கட்டினால், பகலில் ஆவியாகிற ஈரம் இரவுக் குளிரில் பாயின் அடியில் நீராகப் பூத்து மறுபடி உள்ளேயே சொட்டும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. படகுக்கு வேர்த்திருக்கிறது. வேர்க்க வைத்தது நான்.

வாயைத் திறந்து இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். முருகேசண்ணன் பாயை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"பதினெட்டு வருசமாத் தைக்கிற கை. என்னமோ ஆயிருச்சு போல."

வாளிக்குப் போர்வை

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. மொட்டை மாடியில் இரண்டு வாளி வைத்தேன். இரண்டிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர், ஓர் ஈரத்துணி. கடையில் மிஞ்சிய தார்பாய்த் துண்டால் ஒன்றை இறுக்கிக் கட்டினேன். இன்னொன்றின் மேல் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, கூடாரம் போலத் துண்டைப் போட்டு, இரண்டு பக்கமும் திறந்து விட்டேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இறுக்கிக் கட்டியதன் அடியில், தாலியில் கோத்த மணிபோல வரிசையாகத் துளிகள்; விரலால் தட்டியதும் மளமளவென்று கொட்டின. கூடாரத்தின் அடியில் கையை வைத்தால் லேசான ஈரம், அவ்வளவுதான். சோதனை வெற்றி. இதைவிடக் கேவலமான வெற்றி எனக்கு அமைந்ததில்லை.

பெரியம்மா துணி உலர்த்த மேலே வந்தவர், நான் வாளி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏன்டி, வாளிக்கெல்லாம் போத்திவிட்டிருக்க? அதுக்குமா குளிருது?"

நலம் விசாரிப்பு

கூச்சப்படுகிறவர்கள் தவறைத் திருத்த முதலில் தேடுவது, பேசாமல் திருத்தும் வழியை. நான் ஓர் அட்டையில், 'படகை மூடும்போது காற்றோட்டம் விடவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கவுண்டரில் ஒட்டினேன். இரண்டு நாளில் அதன்மேல் யாரோ வெற்றிலை பாக்கை வைத்து மடித்துச் சுண்ணாம்பைத் துடைத்திருந்தார்கள். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போனவர்கள் அட்டையைப் படிக்கத் திரும்பி வரப்போவதும் இல்லை. தை பிறக்க இரண்டு வாரம்கூட இல்லை. எனக்கு வேறு யார் படகும் நினைவில் நிற்கவில்லை. கட்டிலில் படுத்திருப்பவருடைய படகு மட்டும்தான் கண்ணுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

பில் புத்தகத்தில் கலா அக்கா நம்பர் இருந்தது. சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் நின்று போன் போட்டேன். எடுத்தது சேகரண்ணன். காகிதத்தில் 'அக்கா' என்று தொடங்கியிருந்தேன். 'அண்ணன்' வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கடைப் பெயரைச் சொன்னேன். அப்புறம், "கால் இப்ப எப்படிங்கண்ணே இருக்கு?" என்றேன். அவர் விவரமாகச் சொன்னார். வீக்கம் வற்றியது, எக்ஸ்ரே நன்றாக வந்திருப்பது, பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பது, படகு நினைப்பிலேயே இருப்பது. நான் எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணே" சொன்னேன். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைக்கப் போனேன். அவர் குரல் நெகிழ்ந்துவிட்டது.

"தார்பாய் வாங்குனவனுக்குக் காலு எப்படின்னு கேக்குற கடைய நான் இப்பத்தாம்மா பாக்குறேன். நல்லா இருங்க."

கண்ணாடி

அதன் பிறகு நான் சாப்பிடவில்லை. உள்ளறைக்குப் போனேன். முருகேசண்ணன் ஒரு பாயை இரண்டாம் தடவையாகத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகார் வந்ததிலிருந்து அவர் எல்லாத் தையலையும் இரட்டையாக ஓட்டுவதும், முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். காதர் பாயையும் அங்கேயே கூப்பிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: தீவனக் குழி, வாக்கியம், துளித்தடம், வாளி, போன். தையலில் கோளாறு இல்லை, நான் சொல்லிக்கொடுத்த கட்டில்தான் கோளாறு. அது அன்றைக்கே தெரிந்தும் சொல்லவில்லை.

காதர் பாய், "நானும் பக்கத்துலதானே இருந்தேன், எனக்கும் ஒறைக்கலையே" என்று முனகிவிட்டு, பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், என்னிடம் பாய் வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். கலா அக்காவுக்கு மட்டும் நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன். முருகேசண்ணன் மிஷினை நிறுத்தவில்லை. அந்தத் தையலை முடித்தார், நூலைப் பல்லால் கடித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது புதுசு என்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் இருந்தது.

"கண்ணுதான் மங்கிருச்சுன்னு நெனச்சு புதுக்கோட்டைக்குப் போயி இதை மாத்திட்டு வந்தேன் பாப்பா. முன்னாடியே சொல்லியிருந்தா பழசையே போட்டுட்டு இருந்திருப்பேன்."

திறந்தபோது

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை அடைப்பு. முருகேசண்ணன் எனக்கு இரண்டு சாமான் கொடுத்தனுப்பினார்: நீள மூங்கில் ஒன்று, அடியிலிருந்து காற்றுப் போய்வர மடிப்பு வைத்துத் தைத்த புதுப் பாய் ஒன்று. பஸ்ஸில் மூங்கிலை ஏற்ற விடவில்லை. மீன் ஏற்றப் போன ஒரு குட்டியானை வண்டியில் ஏறிப் போனேன். கலா அக்கா கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். படகு நான் சொன்னபடியே, ஓரம் மடித்து, மணல் அணைத்து, கயிறு விறைக்க விறைக்க, அவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவருக்குப் புரியவில்லை. "மொதல்ல மூக்கைச் சிந்து. அப்பறம் சொல்லு" என்றார். சொன்னேன்.

இரண்டு பேரும் கயிற்றை அவிழ்த்தோம். பாயைத் தூக்கியதும் உள்ளிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல ஒரு புழுக்கம் முகத்தில் அடித்தது. கூடவே புளித்த வாடை. பாயின் அடியிலிருந்து எங்கள் தலையில் மழை பெய்தது. மூடும்போதே தேங்கியிருந்ததும் சொட்டியதும் சேர்ந்து அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். உட்காரும் பலகை ஊதி வெடித்திருந்தது. வலையின் மேல்பாதி கறுத்து, இழுத்தால் நூல் நூலாக அறுந்தது. அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த மீதிப் பாதி பிழைத்திருந்தது. எஞ்சினைத் திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. கலா அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு சட்டியை என் கையில் கொடுத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். படகின் அடியில் நீர் வடிகிற ஓட்டையின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கம் கட்டை கொடுத்துத் தூக்கினார். உப்பு போக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வெயில் சாயும் வரை உலர விட்டோம். மூங்கிலை நடுவில் முகடு போல நிறுத்தி, புதுப் பாயை அதன்மேல் போட்டு, இரண்டு முனையையும் திறந்து வைத்து, காற்று தூக்கிப் போகாதபடி பக்கத்துக் கயிறுகளை மட்டும் முளையடித்துக் கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இதைத்தானம்மா அவரும் மொதல்லயே சொன்னாரு. நாந்தான், படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா இவருக்குத் தெரிஞ்சுரப் போகுதுன்னு வாய அடச்சேன்."

பாதி வலை

எஞ்சினை மெக்கானிக் பிரித்து, எண்ணெயில் ஊறவைத்து, உயிர் கொடுக்கப் பொங்கல் தாண்டிவிட்டது. சேகரண்ணன் கால் சரியாகி, படகு சரியாகாமல், கரையில் கைத்தடியோடு உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று காதர் பாய் வந்து சொன்னார். அந்த நாட்களில் கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் நான், "உள்ள அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்றேங்க" என்றேன். எத்தனை மணி என்று கேட்டவரிடமும் அதையே சொன்னதாக முருகேசண்ணன் பிற்பாடு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தை கடைசியில் கலா அக்கா வலை நூல் வாங்க வந்தார். பிழைத்த வலையைக் கத்தரித்துக் கட்டி, அதோடு சேகரண்ணன் முதல் தடவையாகக் கடலுக்குப் போய்வந்துவிட்டார் என்றார். நான் நூல் கண்டை நிறுத்து வைத்துவிட்டு, எவ்வளவு மீன் கிடைத்தது என்று கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல், கவுண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவரே சொன்னார். கோபம் போன குரல்தான், ஆனால் மறந்துபோன குரல் இல்லை.

"பாதி வலைக்குப் பாதி மீனுதாம்மா. அவரு காலு நல்லா இருக்கு, அதையும் சொல்லிர்றேன், இல்லாட்டி அதுக்கும் ஒரு போன் போடுவ."

கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக கூச்சக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நாம் பேசிச் செய்கிற கெடுதலுக்கும் பேசாமல் இருந்து செய்கிற கெடுதலுக்கும் அளவில் வித்தியாசம் எதுவும் இல்லை, இரண்டாவதில் சத்தம் வராததால் நம்மை நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.